நாற்பத்தொன்றாம் மூடி

மாப்ளே,

இன்றைக்கு மத்தியானம் கடையில் ஒருவன் சோடா கேட்டான். கண்ணாடி பாட்டில். திறந்தேன். மூடி துள்ளி விழுந்து உருண்டு டீ பாய்லருக்கு அடியில் போய்விட்டது. முட்டி வலியோடு குனிந்து, கையை விட்டுத் துழாவி, எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சோடா கேட்டவன் என்னையே பார்த்தான்.

"என்ன பெரியவரே, மூடி சேத்து வச்சா பரிசு ஏதும் குடுக்குறாங்களா?"

"ஆமாப்பா. நூறு சேந்தா ஒரு பொண்டாட்டி தர்றாய்ங்களாம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் சர்க்கரை எடுப்பதுபோல உள்ளே போய், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஷார்ஜாவில் முவைலா பக்கம் ஒரு கஃபெட்டீரியாவில் இப்போது டீ போடுகிறேன். நீ போன பிறகு கேம்ப்பைக் கலைத்துவிட்டார்கள். அறுபது தாண்டிய கிழவன் என்று எனக்கு ஊருக்கு டிக்கெட் போடப் பார்த்தார்கள். இந்தக் கடை முதலாளி கீழக்கரைப் பாய்தான், "டீ எப்படியோ, உம்ம வாய்க்காகவாவது ஆள் வரும்" என்று எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரி. டீ சுமார்தான். நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், பாத்திரம் கழுவின தண்ணி என்று.

உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே கேம்ப்பில் இருந்தவனுக்கு யார் கடுதாசி போடுவார்? நான் அஞ்சாம் வகுப்பு. நீ பத்தாம் வகுப்பு பாஸ். அதையும் மாதம் ஒரு தடவை சொல்லிக்காட்டுவாய். இதில் பிழை இருந்தால் நீ சிவப்பு பேனாவை எடுக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கேம்ப்புக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மலைக்கு நடுவில் ரோடு போடும் வேலை. ஒரு காய்ந்த ஆற்றின் கரையில் கேம்ப். இங்கே அதை வாதி என்பார்கள். வருடம் முழுக்கக் கூழாங்கல், மலையில் மழை பெய்தால் மட்டும் ஆறு. எதிர்க்கரையில் கொஞ்சம் நடந்தால் ஓமான். நம் போன் அடிக்கடி அந்த நாட்டு டவரைப் பிடித்து, எங்கள் நாட்டுக்கு வருக வருக என்று மெசேஜ் அனுப்பும். கட்டிலில் படுத்தபடியே தினம் இரண்டு தடவை வெளிநாடு போய் வந்தோம்.

நீ ஸ்டோர்கீப்பராக வந்தாய். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா. பெட்டியை இறக்கி வைக்கும் முன்னே மெஸ்ஸுக்கு வந்து சமையல்காரன் என்னைப் பார்த்துக் கேட்டாய்:

"இங்க மொத்தம் எத்தினி பேருங்க?"

"சோத்துக்கா, வேலைக்கா? சோத்துக்கு நூத்திமுப்பது, வேலைக்கு எழுபது."

நீ சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து உள்ளங்கையில் இரண்டையும் எழுதிக்கொண்டாய். அப்போதே முடிவு செய்தேன், இந்த ஆள் நமக்கு நல்ல தீனி என்று. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே உன்னை மாப்ளே என்று கூப்பிட்டேன். உனக்கு விருத்தாசலம் பக்கம், எனக்குப் பரமக்குடி பக்கம், ஒரு சொந்தமும் கிடையாது. "யோவ், யாருக்கு யாரு மாப்ள?" என்று முறைத்தாய். ஒரு வாரத்தில் நீயே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

அப்புறம் அந்த நெருப்பு. ஒரு காலையில் நாலு கேபின் வரிசைகளில் இரண்டாவது லைனில் ஒயர் உருகி ஒரு கேபின் பற்றிக்கொண்டது. தண்ணீர் லாரியை வைத்து அணைத்துவிட்டோம். ஆனால் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் வெளியே நிறுத்தி எண்ணினோம். கேம்ப் பாஸ் தொண்ணூற்றொன்று என்றார். நீ தொண்ணூற்றுமூன்று என்றாய். லோடர் ஓட்டும் கான் பாய் எண்ணினால் எண்பத்தெட்டு. கடைசியில் செத்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தவன் கக்கூஸில் இருந்து பல் குச்சியோடு வந்து, என்ன கூட்டம் என்று கேட்டான். கேம்ப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

நீ மட்டும் மெஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கிளாஸில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நான் கேலி செய்ய வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய்:

"மாமா, எத்தினி பேருன்னே தெரியாத கூட்டம்யா நாம. செத்தா யாரு செத்தான்னு கூடத் தெரியாது."

அன்றைக்குத்தான், நீ முன்பு வேலை பார்த்த ருவைஸ் கதையைச் சொன்னாய். அங்கே ஒரு எண்ணெய் பிளாண்டை நிறுத்திவைத்துச் சுத்தம் செய்யும் ஷட்டவுன் வேலை. பெரிய இரும்பு டாங்கிக்குள் ஆள் இறங்கிச் சுரண்டுவார்கள். நீ ஹோல் வாட்ச். டாங்கியின் ஓட்டை வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவனிடம் டோக்கன் வாங்கி மாட்டி, வெளியே வருகிறவனிடம் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஒரு நாள் எல்லாரும் வந்தாச்சு, மூடிவிடலாம் என்றார்கள். போர்டில் ஒரு டோக்கன் பாக்கி. எவனோ டோக்கன் வாங்காமல் பஸ் ஏறிப் போயிருப்பான் என்று சூப்பர்வைசர் கத்தினாராம். நீ ஓட்டை வாயில் குறுக்கே படுத்துவிட்டாய். திட்டிக்கொண்டே டார்ச் அடித்துத் தேடினார்கள். மூலையில் ஒருவன் மயங்கிக் கிடந்தான். உயிர் இருந்தது.

"அவன் பேரு என்ன மாப்ளே?" என்று கேட்டேன்.

"உள்ள போனவனுக்குப் பேரு கெடையாது மாமா. நம்பர்தான். பதினேழு."

நம் காவல் படை அப்படித்தான் பிறந்தது. கம்பெனி இருந்த இரண்டு வாட்ச்மேனில் ஒருவரை எடுத்துவிட்டது. வாதி வழியாக டீசல் திருட வருகிறவர்கள் வேறு. நெருப்பு, திருடன், தண்ணீர், எது வந்தாலும் நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாய். தண்ணீரா என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ எங்களை வெளியே கூட்டிப்போய் வேலியோரத்து முள்மரத்தைக் காட்டினாய். என் தலைக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில், கிளைகளில் கிழிந்த பிளாஸ்டிக் பைகள் தொங்கின.

"காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்" என்றேன்.

"எல்லாப் பையும் ஒரே மட்டத்துல மாட்டுமா மாமா?"

கேம்ப் பாஸிடம் சொன்னாய். அவர் ஆபீஸில் சொன்னார். மூன்று மாதக் கேம்ப்தானே, தற்காலிகம், அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று பதில் வந்தது. அந்த மூன்று மாதம் இரண்டு வருடம் ஓடியது.

படை அமைக்க மெஸ்ஸில் கூட்டம் போட்டாயே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. கேம்ப்பை நாலு பகுதியாகப் பிரிக்க வேண்டும், பகுதிக்கு ஒரு தலைவன், விசில் அடித்தால் அவன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வர வேண்டும் என்றாய். எப்படிப் பிரிப்பது? நீ லைன் வாரியாக என்றாய். ஒருத்தனும் கேட்கவில்லை.

"எங்க ராம்நாட்டு ஆளுகளுக்கு நாங்கதான் போவோம். வேற எவன் வந்து எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டாய்ங்க."

"நம்ம கடலூர்க்காரங்கள வேற யாரு பாப்பா?"

கான் பாய் தன் பட்டான்களுக்குத் தானே தலைவன் என்றார். நேபாளிகள் தனியாக எழுந்து நின்றுகொண்டார்கள். தஞ்சாவூர்க்காரன் ஒருவன், தன் ஊரில் இருந்து தான் ஒரே ஆள்தான், அப்படியென்றால் தானே தலைவனா என்று கேட்டான். நான்தான் சத்தமாக, "ஊர் வாரியா வை மாப்ளே! பாசம் இருக்கிற எடத்துலதான் ஓட்டம் இருக்கும்!" என்று கத்தினேன். கைதட்டல். நீ பேனாவை மூடிக்கொண்டு, "சரி, வச்சுப் பாப்போம்" என்றாய்.

அந்த ஞாயிறு லீவு நாளில் முதல் ஒத்திகை. விசில் அடித்தாய். நாலாவது லைன் ராம்நாடு ஆள் முதல் லைனில் இருக்கிற சித்தப்பன் மகனை எழுப்ப ஓடினான். முதல் லைன்காரன் மூன்றாவது லைனில் இருக்கிற பங்காளியை எழுப்ப ஓடினான். குறுக்கே பட்டான்கள் ஓடி வந்தார்கள். நடுவில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு ஒருவனுக்கு உதடு கிழிந்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் மூன்றாவது லைனின் கடைசி ரூமில் நாலு வங்காளிகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ரூமில் ஆறு பேர் இருந்தும் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லாரும் தன் ஊர் ஆளைத் தேடிப் போயிருந்தார்கள்.

நீ அந்தக் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாய். "பாசம் ஓடுச்சு மாமா. பக்கத்து ரூம தாண்டி ஓடுச்சு."

அதற்கப்புறம் லைன் வாரியாகத்தான். முதல் லைனுக்குக் கான் பாய், மற்றதற்கு ஒரு நேபாளி, ஒரு வங்காளி வெல்டர், ஒரு கடலூர் மேசன். நாலாவது லைனையும் மெஸ்ஸையும் எனக்குக் கொடு என்று கேட்டேன். நீ தரவில்லை. "ஒன்னத் தலைவனா போட்டா மொத்த லைனும் ஒளிஞ்சிக்கும்யா" என்றாய். சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. இப்போது சொன்னால் என்ன, செத்தவனிடம் ரோஷம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் மெஸ்ஸில் சோடா கிரேட் கிரேட்டாக வரும். அந்த மூடிகளை நீ பொறுக்கினாய். ஆணியால் ஓட்டை போட்டாய், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் பெயிண்ட் அடித்து இரண்டு பக்கமும் நம்பர் எழுதினாய், கேட்டுக்குப் பக்கத்தில் பலகை அடித்து ஆணி ஆணியாக மாட்டினாய். சிவப்புப் பக்கம் தெரிந்தால் ஆள் இன்னும் உள்ளே. கேட்டுக்கு வந்ததும் மூடியைத் திருப்ப வேண்டும். வெள்ளைப் பக்கம் தெரிந்தால் ஆள் வெளியே. ஊருக்கோ டவுனுக்கோ போகிறவன் மூடியைக் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும், ஆணி காலி. அவ்வளவுதான் சட்டம். கூட ஒன்று: அவனவன் மூடியை அவனவன் கையால்தான் திருப்ப வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் திருப்பக் கூடாது.

என் நம்பர் நாற்பத்தொன்று.

"ஒன் நம்பர் எங்க மாப்ளே?" என்று பலகை முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டேன்.

"எனக்கெதுக்கு? ஓட்டைக்கு வெளிய நிக்கிறவனுக்கு டோக்கன் கெடையாது. அவன் உள்ள போகவே கூடாது. அதான் மொத சட்டம்."

ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒத்திகை. இரண்டு மாதத்தில் எட்டு நிமிடத்தில் பலகை முழுக்க வெள்ளையானது. நாற்பத்தொன்றைத் தவிர. எனக்கு உன்னைச் சீண்டாமல் சோறு இறங்காது. மெஸ்ஸுக்குப் பின்னால் வேலியில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் நுழைந்து, சின்ன ஓடையைத் தாண்டினால் ஒரு மேடு. விசில் அடித்ததும் அந்த வழியாக மேட்டில் ஏறி, பாறைக்குப் பின்னால் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துகொள்வேன். நீ பலகையைப் பார்ப்பாய். அப்புறம் நாலு லைனையும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவாய். "நாப்பத்தொண்ணு! யோவ் நாப்பத்தொண்ணு!" கடைசியில் மெஸ்ஸின் பின்கதவில் வந்து நின்று மேட்டைப் பார்ப்பாய். நான் எழுந்து கும்பிடு போடுவேன். நீ உள்ளங்கையை மேலே காட்டி, அப்படியே கீழே கவிழ்ப்பாய். மூடியைத் திருப்பு என்று அர்த்தம்.

ஒரு தடவை கோதுமை டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒரு தடவை தண்ணீர் லாரியில் டிரைவர் சீட்டில் தலைப்பாகை கட்டி உட்கார்ந்திருந்தேன், நீ என்னிடமே வந்து, "பாய், நாப்பத்தொண்ணு தேக்கா?" பார்த்தாயா என்று இந்தியில் கேட்டாய். அன்றைக்கு நீயே சிரித்துவிட்டாய், இருமல் வரும் வரைக்கும்.

அப்போது கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நான் வெளாட்டுக்கு ஒளிஞ்சிருக்கேன்னு ஒனக்குத் தெரியும்ல மாப்ளே. அப்புறம் ஏன் கெடந்து நாயா அலையுற?"

"தெரியும்யா. ஆனா வெளாட்டுதான்னு நெனச்சு நான் கேட்டுலயே நின்னுட்டேன்னு வையி, அப்புறம் அந்த போர்டு எதுக்கு?"

இதைச் சொல்லும்போது நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு உதவிக்கு. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

அந்த ஞாயிறைப் பற்றி உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவும். அன்றைக்கு என் தரப்பில் நடந்தது உனக்குத் தெரியாது.

பகல் பதினொன்றரை இருக்கும். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி இல்லை, வெயில் அடித்தது. ஓமான் பக்கத்து மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. நான் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தேன். முதலில் வாசனை வந்தது, ஈரமான மண் வாசனை, அடுப்பு வாசனையைத் தாண்டி. பிறகு ஒரு சத்தம், நூறு லாரி ஒன்றாக ஜல்லி கொட்டுவதுபோல. அப்புறம் உன் விசில், விட்டுவிட்டு இல்லாமல் ஒரே மூச்சாக. ஒத்திகை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்தானே, இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். வாதியில் தவிட்டு நிறத்தில் ஒரு சுவர் வந்துகொண்டிருந்தது. அதன் மேலே ஒரு முழு மரம்.

கேஸை மூடினேன். அதைச் சரியாகச் செய்தேன், மாப்ளே. வெளியே ஓடி வந்தேன். இந்தப் பக்கம் கேட் எண்பது தப்படி. அந்தப் பக்கம் வேலிக் கிழிசல் பத்துத் தப்படி. என் கால் தானாகக் கிழிசல் பக்கம் போனது. எத்தனை ஞாயிறு பழகிய கால். கம்பியில் சட்டை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது மூடி ஞாபகத்துக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. அவனுக்குத் தெரியும், நான் மேட்டில்தான் இருப்பேன் என்று நினைத்தேன். சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அன்றைக்கு நான் விளையாடவில்லை. இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

மேட்டில் இருந்து திரும்பிப் பார்த்தபோது நாலு லைனும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றது. நீ போட்ட படை. ஒருத்தன் ஊர்க்காரனைத் தேடி ஓடவில்லை. மூன்றாவது லைனில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த பட்டானை அந்த வங்காளி வெல்டர் முதுகில் சுமந்து வந்திருந்தான். வரிசையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எட்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. எனக்குப் பெருமையாக இருந்தது, சத்தியமாக. அப்போதுதான் கேட்டில் இருந்து ஒரு ஆள் உள்ளே ஓடுவது தெரிந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனா.

கத்தினேன். என் தொண்டை உனக்குத் தெரியும், இருபது கட்டிலுக்கு அப்பால் தூங்குகிறவனை எழுப்பும். அன்றைக்கு என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ரோட்டில் நின்ற கான் பாயும் கத்துகிறார் என்று வாய் அசைவில் தெரிந்தது. துண்டை ஆட்டினேன். கல்லை எடுத்து மெஸ் தகரத்தின் மேல் எறிந்தேன். நீ நாலாவது லைனில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தாய். தட்டினாய், எட்டிப் பார்த்தாய், அடுத்தது. வழக்கமாகச் செய்வதுபோலவே, ஒரு கதவு விடாமல். கடைசிக் கதவை மட்டும் விட்டுவிட மாட்டாயா என்று அழுதேன். மெஸ்ஸுக்குள் போனாய். கோதுமை டிரம்முக்குப் பின்னால் பார்த்திருப்பாய்.

பின்கதவைத் திறந்து வெளியே வந்தபோது நமக்கு நடுவில் ஓடை நிரம்பிவிட்டது. தண்ணீர் உன் முட்டி வரை. நீ மேட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நான் அன்றைக்குக் கும்பிடு போடவில்லை, இரண்டு கையையும் விரித்து நின்றேன். நீ ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றாய். முறைப்பாய் என்று நினைத்தேன். சிரித்தாய் மாப்ளே. அப்புறம் உள்ளங்கையை மேலே காட்டி, கவிழ்த்தாய்.

கணக்கு சரி என்று சொன்னாயா, இல்லை திருப்புடா என்று திட்டினாயா?

திரும்பி நடந்தாய். கேட் பக்கம் தண்ணீர் முந்திவிட்டது. தண்ணீர் டாங்க் ஸ்டாண்டில் ஏறினாய். கான் பாய் லோடரை இறக்கிப் பார்த்தார், பாதியில் இழுத்தது, பின்வாங்கினார். கயிறு வீசினார்கள். எனக்கும் உனக்கும் நடுவே அந்த ஓடை, ஒரு கபடி மைதான அகலம் கூட இருக்காது. நான் செய்தது ஒன்றுதான், பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஸ்டாண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதற்கு மேல் எழுத எனக்கு எழுத்து தெரியாது.

சாயங்காலம் தண்ணீர் வடிந்த பிறகு கேட்டுக்கு வந்தேன். பலகை அப்படியே நின்றது. காலி ஆணிகள் நாலைந்து. மற்றதெல்லாம் வெள்ளை. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கான் பாய் என் தோளில் கை வைத்தார், எடுத்தார், போய்விட்டார். ஒருவனாவது செருப்பால் அடித்திருக்கலாம். அந்த மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உன்னைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பியபோது ஆபீஸில் இருந்து ஒருவர் வந்து, மொத்தம் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே நம்பரைச் சொன்னோம். உன் காலத்தில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

பதினாறாம் நாள் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, போன் பண்ணியது. நீ இருக்கும்போதே என்னிடம் இரண்டு வார்த்தை பேசும். "அண்ணே, எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாமே. அவரும் வெளியதான் நின்னாராம். திரும்ப எதுக்குண்ணே உள்ள போனாரு?"

"தெரியலம்மா" என்றேன்.

வாய்க்கொழுப்பில் பேர் வாங்கினவன். எத்தனை பேர் மூக்கை உடைத்த வாய். அந்த ஒரு கேள்விக்கு இதுதான் வந்தது. மாதம் ஒரு தடவை பேசும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பேன். பையனுக்குப் பரீட்சை, வீட்டுக்குக் கீற்று மாற்றியது என்று பேசி வைத்துவிடுவேன்.

போன வாரம் அதுவாகக் கேட்டது.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அங்க நாப்பத்தொண்ணுன்னு ஒருத்தரு இருந்தாராமே?"

கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம போன் பண்ணாருன்னா அந்தாளு கததான். இன்னிக்கு எங்க ஒளிஞ்சிருந்தாரு தெரியுமான்னு ஆரம்பிப்பாரு, சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடும். யாருங்க அதுன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. நம்பருக்குப் பேரு கெடையாதும்பாரு."

நீ சொல்லவில்லை. மெஸ் மாமா இன்று கறி வைத்தார், மெஸ் மாமாவுக்கு முட்டி வலி என்றெல்லாம் சொன்னவன், நாற்பத்தொன்று நான்தான் என்று மட்டும் உன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அவரு பொழச்சிட்டாராண்ணே?"

"பொழச்சிட்டாரும்மா."

"அப்பாடா" என்றது. "எங்கண்ணே இருக்காரு இப்ப?"

"இங்கதாம்மா. ஷார்ஜாவுலதான்."

"பாத்தீங்கன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

சொல்லவேண்டியவனிடம் தினம் கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறேன்.

மத்தியானம் எடுத்த சோடா மூடிக்கு ஆணியால் ஓட்டை போட்டுவிட்டேன். உனக்கு ஒரு மூடி வேண்டும் என்று தோன்றியது. என்ன நம்பர் போடுவது என்று தெரியாமல் சும்மா வைத்திருக்கிறேன். அதோடு என் மூடியும் பையில் இருக்கிறது. துருப்பிடித்து ஓரம் உதிர்கிறது, நம்பர் மட்டும் அழியவில்லை, நீ நல்ல பெயிண்ட் வாங்கியிருக்கிறாய். கடைச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதை மாட்டினேன். சிவப்புப் பக்கம் தெரிய. கடை முதலாளி பார்த்துவிட்டு, இது என்னவே என்றார். பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

என் கையால்தான் திருப்ப வேண்டும், அது உன் சட்டம். கை அது வரைக்கும் போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. திருப்பிவிட்டால் கணக்கு சரியாகிவிடும், நீ பலகையை விட்டுப் போய்விடுவாய். சிவப்பாக இருக்கிற வரைக்கும் ஒரு கதவு விடாமல் தட்டிக்கொண்டு வருவாய் அல்லவா?

வந்தால், பின்கதவு திறந்துதான் இருக்கும். டீ பாய்லரைத் தாண்டி, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒளிந்திருக்கவில்லை.